உலுக்கிப் பார்த்த கொத்தனார்

தக்காளியை நானும் அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். அதனால் சோதித்துப் பார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, சார்.

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது என் தொழில். புதிதாக வந்த கொத்தனார், ஏறுவதற்கு முன் தினமும் என் சாரத்தின் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவார். முதல் நாள் முறைத்தேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. பொண்டாட்டி சமையலையே ஒரு வாய் ருசி பார்த்துட்டுதான் சாப்பிடுறேன்."

அவருக்குக் கலவை சுமக்கும் மனைவி பின்னாலேயே நின்றாள். "ஒரு வாயாம். சட்டியை வழிச்சு நக்குற ஆளுண்ணே இது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வாரத்தில் பூச்சு வேலைக்காரர்கள் அத்தனை பேரும் உலுக்கத் தொடங்கினார்கள். பெயின்டர்கூட உலுக்கினார். நான் பக்கத்திலேயே நிற்பேன். யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உலுக்கினால் ஒன்றும் தெரியாது என்பதை அவர்களுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

சாரம் தன் காலில் நிற்பதில்லை. ஜன்னல் வழியாகக் கயிறு விட்டுச் சுவரோடு இழுத்துக் கட்டியிருக்கும். பூச்சு அந்த இடத்துக்கு வரும்போது அவிழ்த்து வேறு ஜன்னலுக்கு மாற்றுவோம். அதனால் நான் அவிழ்ப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அன்றும் கொத்தனார் உலுக்கினார். அசையவில்லை. பெயின்டரும் உலுக்கினார். இருவரும் திருப்தியாக ஏறினார்கள். அவர்கள் உச்சிக்குப் போனதும் நான் அறை அறையாகப் போய் அவிழ்த்தேன். கடைசி ஜன்னலுக்கு வெளியே, சாரப் பலகையில், கலவைச் சட்டியோடு கொத்தனாரின் மனைவி நின்றாள்.

"ஏண்ணே, ஆளுங்க மேல இருக்கும்போதா அவுக்கிறீங்க?"

"மாத்திக் கட்டத்தாம்மா. நீ போ."

"நீங்க இருக்கீங்கல்ல, அப்புறம் என்ன" என்று மேலே ஏறினாள்.

கொஞ்சம் ஆடினால் போதும் என்றுதான் நினைத்தேன். அவிழ்த்த கடைசிக் கயிறு என் கையில்தான் இருந்தது. சாரம் சுவரைவிட்டு ஒரு சாண் விலகியபோது, "அண்ணே, கயித்தைப் பாருங்க" என்று கொத்தனார் கத்தினார். நன்றாகவே கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் புரியட்டும் என்று நின்றேன். பிறகு மொத்தமும் வெளிப்பக்கம் சாய்ந்தது.

கொத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லையாம். பெயின்டருக்கு இரண்டு காலும் போய்விட்டன. அந்தப் பெண் இன்னும் கண் திறக்கவில்லை. அவளுக்காக வருந்துகிறேன், அவள் ஒருநாளும் உலுக்கியதில்லை.

வாக்குமூலம் எழுதும்போது ஒன்றை மட்டும் சரியாக எழுதுங்கள், சார். நான் கட்டிய சாரம் விழுந்தது என்று எழுதாதீர்கள். நான் கட்டியது எதுவும் இதுவரை விழுந்ததில்லை.