மூடி திறந்து தராத ஆசிரியைக்கு

முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே அறையில், முழங்கால் உயர நாற்காலிகளுக்கு நடுவே முதுகு வளைத்து நடந்து, இன்று முதுகு நிமிர்த்தி விடைபெறும் எங்கள் மழலையர் வகுப்பு ஆசிரியை அவர்களே! அழுது வந்தோரை அணைத்தவரே, அடம்பிடித்தோரை அமர்த்தியவரே, மூக்கொழுகி நின்றோரின் முகம் துடைத்தவரே, மூடி மட்டும் திறந்து தர மறுத்தவரே!

சக ஆசிரியைகளும் அலுவலகத்தாரும் ஆயாம்மாவும் காவலாளியும் ஒன்றுகூடி, கரம் குவித்து, கனிந்த மனத்தோடு அளிக்கும் மடல் இது. எழுதும் பொறுப்பு அடுத்த அறை ஆசிரியையான என் தலையில் விழுந்தது. “ஒரு பக்கத்துக்குள்ள முடிச்சிடுங்க, ஃபிரேம் வாங்கியாச்சு” என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முயல்கிறேன். அடங்காவிட்டால் பின்பக்கமும் எழுதிவிடுவதாக உத்தேசம். அதை உங்கள் வீட்டுச் சுவர் படித்துக்கொள்ளட்டும்.

எண்ணும் எழுத்தும் ஏந்திவந்த ஏந்தலே! நம் இரு அறைகளுக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்று சொன்னால் கொத்தனார்கள் கோபித்துக்கொள்வார்கள். அது வெறும் பலகை. அந்தப் பலகை வழியே உங்கள் வகுப்பைப் பதினாறு ஆண்டுகள் ஓசியில் கேட்டவள் நான். வாசலில் கழற்றிப் போட்ட ஷூக்களை ஜோடி சேர்க்கவைத்தே இரண்டு, நான்கு, ஆறு என்று எண்ணப் பழக்கினீர்கள். ஒற்றை ஷூ மிஞ்சிவிட்டால் அதற்கொரு விசாரணை நடக்கும், அதிலேயே கழித்தலும் வந்து சேரும். மணல் தட்டில் விரலால் எழுதவைத்தீர்கள். எழுத்து கோணிப்போனால் தட்டை ஒரு குலுக்கு குலுக்குவீர்கள், கோணலும் காணாமல் போகும், பயமும் காணாமல் போகும்.

பள்ளி திறக்கும் முதல் வாரத்தில், அம்மா எப்போது வருவாள் என்று கேட்டு அழும் பிள்ளைகளுக்கு நாங்களெல்லாம் “இதோ வந்துடுவாங்க” என்று கூசாமல் பொய் சொல்வோம். நீங்கள் மட்டும், “சாப்பிடணும், தூங்கணும், எந்திரிக்கணும், ஷூ போடணும். அப்புறம் அம்மா” என்பீர்கள். விசும்பிக்கொண்டே விரல்விட்டு எண்ணிக்கொள்ளும் அந்தக் குழந்தைகள் உங்களை நம்பின. எங்களை நம்ப இரண்டு மாதம் ஆயிற்று.

இத்தனை இரக்கம் நிறைந்த நெஞ்சுக்குள் சாப்பாட்டு வேளையில் மட்டும் ஒரு கல் எங்கிருந்து வந்து உட்காருகிறது என்பதே எங்கள் நெடுநாள் வழக்கு. ‘அவரவர் மூடி, அவரவர் கை’ என்பது உங்கள் சட்டம். எங்கள் அறைகளில் நாங்கள் டப்பா டப்பாவாகத் திறந்து கை நோகிறோம். நீங்களோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பீர்கள். ஒரு தாய் நேரிலேயே வந்து, “கொஞ்சம் திறந்து குடுத்தா என்ன டீச்சர் கொறஞ்சு போயிடும்?” என்று சண்டை பிடித்தார். “அவனே திறந்துடுவான், பாருங்க” என்றீர்கள். இரண்டே வாரத்தில் திறந்தும் விட்டான். உங்கள் பிள்ளைகள் மட்டும் எப்படித் திறக்கிறார்கள் என்று நாங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். ஏதோ கைராசி என்று பொறாமையோடு விட்டுவிட்டோம்.

இந்த ஆண்டு அந்தக் கைராசிக்கும் மசியாத ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மகாராணி. ஏழு மாதமாக டப்பாவைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, யாராவது திறக்கட்டும் என்று அமர்ந்திருப்பாள். மூடியைத் தொடக்கூட மாட்டாள். பக்கத்துப் பிள்ளைதான் திறந்து கொடுக்கும். ஓய்வுக்குப் பத்து நாள் இருக்கையில் ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிப்போக நீங்கள் சொன்னதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. “இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளையையும் இப்படி விட்டுட்டுப் போனதில்ல. இவ விஷயத்துல நான் என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியல.” முப்பத்தொரு ஆண்டுக் கணக்கில் அந்த ஒரு மூடிதான் உங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை ஓய்வுக் காகிதங்களில் கையெழுத்திட நீங்கள் மேலதிகாரி அலுவலகம் போனீர்கள். உங்கள் வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும், சட்டம் தெரிந்தவள்போல நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு மூடியும் அசையவில்லை. தினமும் திறக்கிற சூரப்புலிகளெல்லாம் முக்கிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு டப்பாவை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். இரண்டு பேர் அழவே தொடங்கிவிட்டார்கள். நான் சட்டத்தைக் கைவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். மகாராணி கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, டப்பாவை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, முகம் சிவக்கத் திருகிக்கொண்டிருந்தாள். திறந்தது. தன்னுடையதை மூடாமல் வைத்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் டப்பாவை வாங்கினாள். அதுவும் திறந்தது. நான் ஒன்பது திறந்து முடிப்பதற்குள் அவள் பதினொன்று திறந்திருந்தாள்.

“ஏம்மா, தினமும் நீ தொறக்கவே மாட்டியே?” என்று கேட்டேன்.

“தினமும் டீச்சர் தொறந்து வச்சிடுவாங்க. எல்லாரும் வெளையாடப் போனப்புறம். நான் ஷூ மாட்டும்போது பாத்தேன்” என்றாள். பிறகு தன் டப்பாவைக் காட்டி, “தினமும் தொறக்கறது டீச்சர் தொறந்தது. இது நான் தொறந்தது” என்றாள்.

கள்ளத்தனத்தில் கைதேர்ந்த கருணையே! ஆக, அகப்பட்டுக்கொண்டீர்கள். வருகைப்பதிவு எழுதவேண்டும் என்று சொல்லி, பிள்ளைகளை ஆயாம்மாவோடு விளையாட அனுப்பிவிட்டு, நாள்தோறும் இருபது மூடிகளையும் பாதி திருகித் தளர்த்திவிட்டு, பிற்பகலில் கல்நெஞ்சுக்காரியாக நடித்திருக்கிறீர்கள். ஷூ மாட்டத் தாமதமாகும் ஒரே ஒருத்தி வாசற்படியிலிருந்து பார்த்துவிட்டாள். பாதி திறந்த மூடியைத் திறந்துவிட்டு ‘நானே திறந்தேன்’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை, அக்கா. அவள் உங்களையும்விடக் கண்டிப்பானவள், அவ்வளவுதான்.

புதனும் வியாழனும் நீங்கள் திரும்பி வந்தீர்கள், மூடிகளும் மறுபடி தளர்ந்தன, அவளும் மறுபடி கைகட்டி அமர்ந்தாள். உங்கள் முகம் வாடியதை வாசல் வழியே பார்த்துக்கொண்டே நாங்கள் வாய் திறக்கவில்லை. இந்த மடலுக்காகத்தான் சேர்த்துவைத்தோம். ரகசியத்தை மூன்று நாள் காத்தது எங்கள் ஆசிரியர் அறையின் வரலாற்றில் இதுவே முதல் முறை. மன்னித்துவிடுங்கள்.

இனிமேல் அந்தச் சின்ன நாற்காலிகளில் நீங்கள் உட்காரவேண்டியதில்லை. காலைத் தேநீரைச் சூடாகவே குடியுங்கள். பகலில் பாய் விரித்து, யாருடைய கால் யார்மேல் விழுகிறது என்று பார்க்காமல், நீங்களும் ஒரு முறை தூங்கிப் பாருங்கள். முழங்கால் நோவின்றி, மனக்குறையின்றி, உற்றார் சூழ, உடல்நலம் துணைவர, நெடுங்காலம் நீங்கள் வாழவேண்டும் என்று நெஞ்சார வேண்டுகிறோம்.

வரும் திங்கள் முதல் உங்கள் அறை என்னிடம் வருகிறது. பிள்ளைகள் வீடு போனபின் படிக்கும் மடல் என்பதால் இங்கே துணிந்து சொல்கிறேன்: எல்லோரும் விளையாடப் போனபின் நானும் வருகைப்பதிவு எழுதுவேன். பத்தொன்பது மூடிகளைத் தளர்த்திவைப்பேன். ஒன்றை மட்டும் தொடமாட்டேன்.

நிம்மதியாகப் போய்வாருங்கள், அக்கா.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
அடுத்த அறை ஆசிரியையும், தலைமையாசிரியையும்,
ஆயாம்மா, காவலாளி உள்ளிட்ட பள்ளிக் குடும்பத்தார் அனைவரும்