எழுதி அனுப்பச் சொல்லுங்க

ஐயையோ, அந்த ஃபோன எடுக்காதீங்க அக்கா. அடிக்கட்டும். நின்னுச்சா? இப்ப அதே நம்பருக்கு வைபர்ல ஒரு வரி போடுங்க. வணக்கம், மெத்தோதி கிச்சன் மரவேலை, என்ன வேணும்னு எழுதி அனுப்புங்க. அவ்ளோதான். மரியாதையா இல்லையா? இருக்கட்டும். நீங்க மருந்துக்கடையில பதினாலு வருஷம் ஃபோன்லயே பேசிப் பழகிட்டீங்க, கை தானா போகுது. இந்தக் கஸன்லக் ஊர்ல எல்லாருமே முதல்ல மூஞ்சத் தூக்குவாங்க, அப்புறம் சரியாயிடுவாங்க.

திங்கக்கிழமையிலேருந்து நான் வரமாட்டேன். டாக்டர் இன்னும் பத்து நாளுங்கறாரு. வயித்துக்குள்ள இருக்கிறவ உதைக்கிற உதையப் பாத்தா அவ்ளோ நாள் பொறுக்கமாட்டா போல. அதனால இன்னிக்கே எல்லாத்தையும் பாத்துக்குங்க. இந்தச் சீஸ் வெச்ச பானித்சா எடுத்துக்குங்க, ஆறிடும். எண்ணெய்க் கைய மட்டும் கீபோர்டுல வெக்காதீங்க.

இது பாருங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபோல்டர். பேரு, தெரு, மாசம். வீட்டுக்காரங்களுக்கு வைபர்ல தனி குரூப். அளவு, கலர், கைப்பிடி, சண்டை, எல்லாம் அந்த குரூப்லதான். உள்ள ரெண்டு சின்ன ஃபோல்டர் இருக்கா? ஒண்ணுக்குப் பேரு பழசு, இன்னொண்ணுக்கு வெட்டலாம். அவங்க சரின்னு எழுதின படம் மட்டும்தான் வெட்டலாம்ல போகணும். அங்க ஒரே ஒரு படம்தான் இருக்கணும். பட்டறைச் சுவத்துல இருக்கிற பெரிய டிவியில அதுதான் தெரியும், அதப் பாத்துத்தான் மெத்தோதி ஐயா பலகைய அறுப்பாரு.

லிங்க் அனுப்பும்போது பாக்க மட்டும்னு இத அமுக்கிடுங்க. அமுக்காம ஒரு தடவ பல் டாக்டர் லொஸானோவுக்கு அனுப்பிட்டேன். அவரு மாமியார் உள்ள பூந்து அடுப்பையே அழிச்சிட்டாங்க! ஏம்மா இப்படின்னா, என் பொண்ணுக்குச் சமைக்கவே தெரியாது, அடுப்பு எதுக்குங்கறாங்க. சிரிக்காதீங்க, எனக்கும் வயிறு வலிக்குது.

இதுக்கு முன்னாடியா? அதையேன் கேக்கறீங்க. அளவு சிகரெட் அட்டையில வரும், ஃபோன்ல வரும். தங்கும் விடுதி வெச்சிருக்காங்களே கின்கா அம்மா, அவங்க ஃபோன்ல ஃப்ரிட்ஜுக்கு எழுபது சென்டிமீட்டர்னு சொல்லிருக்காங்க. ஃபோன எடுத்த நம்ம ஐயா அறுபதுக்கு அறுத்துட்டாரு. ரோஜாத் திருவிழா முழுக்க அந்த ஃப்ரிட்ஜ் நடையிலயே நின்னுச்சு, வந்த விருந்தாளியெல்லாம் அதச் சுத்திச் சுத்திப் போனாங்க. அந்தம்மா வாசல்ல நின்னு போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. இவரு என்னடான்னா, அவங்கதான் மாத்திச் சொன்னாங்கன்னு ஒரே பிடி. பொய் சொல்றான்னு ஊரெல்லாம் பேச்சு. மூணு வீடு ஆர்டர வாபஸ் வாங்கிடுச்சு.

அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. ரெண்டு வருஷமா ஒரு பலகைகூட வீணாகல. கின்கா அம்மாவே போன மாசம் மாடிக்கும் செஞ்சு தாங்கன்னு வந்தாங்க. குரூப்ல பூவும் முத்தமுமா அனுப்பறாங்க. இவரு மட்டும் இன்னும் முணுமுணுக்கிறாரு. என்னம்மா ராலித்சா, என் கடையில எனக்கே சட்டமான்னு. ஆமாங்கய்யா, சட்டம்தான்னுடுவேன்.

அவசரம்னாலும் அவருக்கு ஃபோன் பண்ணக்கூடாது அக்கா. பட்டறை எதிர்ப் பக்கந்தானே, எந்திரிச்சுப் போங்க. இங்கருந்து கத்தறதும் வேணாம்.

ஏன்னா... விடமாட்டீங்க போல. சரி. இத நான் எந்த ஃபோல்டர்லயும் எழுதி வெக்கல.

அந்த ஃப்ரிட்ஜ் கூத்துக்கு மறுநாள் நான் வேலைய விட்டுடலாம்னுதான் வந்தேன். மெஷின் எதுவும் ஓடல, பட்டறை அமைதியா கெடக்கு. அவரு காபி பொங்காம பாத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாரு. முதுகுக்குப் பின்னால நின்னு, ஐயா, நான் நாளையிலேருந்து வரல, மன்னிச்சுக்குங்கன்னேன். அவரு பாட்டுக்குச் சர்க்கரையப் போட்டுக் கலக்கறாரு. இன்னொரு தடவ சத்தமா சொன்னேன். காபிய இறக்கி வெச்சுத் திரும்பினவரு, அடடே, எப்பம்மா வந்த, உனக்கும் ஒரு கப் ஊத்தட்டுமாங்கறாரு.

முப்பது வருஷம் அறுவை மெஷின் பக்கத்துல நின்ன காது அக்கா. எதிர்ல நின்னு பேசினா உதட்டப் பாத்துப் புடிச்சிடறாரு. ஃபோன்ல உதடு ஏது? வெக்கமோ, தொழில் போயிடும்னு பயமோ, யார்கிட்டயும் மூச்சு விடல. நானும் கேக்கல. ஊத்துங்கய்யான்னேன். குடிச்சிட்டு வந்து உக்காந்து, முதல் ஃபோல்டரப் போட்டேன்.

இல்ல, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, சரியா?

அதோ வர்றாரு. எந்திரிங்க அக்கா. வெளிச்சத்துக்கு வந்து நில்லுங்க, வாயிலருந்து கைய எடுங்க. ம், இப்ப வணக்கம் சொல்லுங்க.