நான்காம் மாடியில் லிஃப்டை அழைத்தது யார்?

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் எங்கள் நிறுவனத்தின் தலைவர் அவர்களே! பயிற்சிப் பிரிவைத் தாங்கி நிற்கும் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே! எங்கள் பிழையையும் பொறுத்து, பிடிவாதத்தையும் பொறுத்த பெரியோர்களே! பிள்ளையைப் பெருநிறுவனத்தின் வாசலில் விட்டுவிட்டு, உள்ளே என்னதான் செய்யப் போகிறதோ என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! இன்று அப்ரண்டிஸாக அடியெடுத்து வைக்கும் தம்பிகளே, தங்கைகளே! அனைவருக்கும் என் அன்பு நிறைந்த வணக்கம்.

பயிற்சி முடித்தவள் என்ற முறையில் ஏதாவது அறிவுரை சொல் என்று என்னை மேடையேற்றிவிட்டார்கள். அறிவுரைக்கு இங்கே பஞ்சமா? எனக்கு நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

லிஃப்ட் செய்யும் நிறுவனம் நம்முடையது. நான் சேர்ந்த புதிதில் எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்பேன். கயிறு ஏன் இத்தனை? கதவு ஏன் தயங்குகிறது? உடன் சேர்ந்தவர்கள் எனக்கு வைத்த பெயர் "ஏன் எக்ஸ்பிரஸ்". சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்றைக்கும் கேன்டீனில் அந்தப் பெயர் சொன்னால்தான் எனக்கு டீ வரும்!

என்னைச் சேர்த்துக்கொண்டது புகார்களைக் கவனிக்கும் பிரிவு. அங்கே அப்போது ஒரு விநோதமான புகார் வந்துகொண்டிருந்தது. ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் நாம் பொருத்திய லிஃப்ட், மேலே போனாலும் சரி, கீழே வந்தாலும் சரி, நான்காம் மாடியில் நிற்கும். கதவு திறக்கும். வெளியே ஆள் இருக்காது. மூடும். நகரும். மறுபடி வந்தால் மறுபடி நிற்கும்! அழைத்தது யார்? அழைத்தவர் எங்கே?

பின்வரிசையில் யாரோ "பேய்" என்கிறீர்கள். அந்தக் கட்டடத்துக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள், ஐயா! குழந்தைகள் லிஃப்டில் ஏற மறுத்தார்கள். எங்கள் மூத்த பொறியாளர் போய்ப் பார்த்தார். கன்ட்ரோல் போர்டை மாற்றினார். அவர் இருந்தவரை லிஃப்ட் சமர்த்துப் பிள்ளையாக ஓடியது. வண்டியேறிக் கிளம்பியதும் பழைய வேலையைக் காட்டியது. மீண்டும் போனார். வயரிங்கை மாற்றினார். அதே கதை.

குடியிருப்போர் கூடி ஒரு முடிவெடுத்தார்கள்: அடுத்த வாரத்திலிருந்து, புது கன்ட்ரோல் பெட்டி வரும்வரை லிஃப்டை நிறுத்திவிடுவது. வருவதற்கு மாதக்கணக்காகும். நடக்கத் தெரிந்தவர்களுக்கு அது கால்வலி. ஆனால் ஏழாம் மாடியில் ஒரு தையல்காரர் இருந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர். காலையில் இறங்கிக் கடை திறந்து, மாலையில் ஏறி வீடு சேர்பவர். லிஃப்ட் நின்றால் அவருக்குக் கடை நிற்கும். கடை நின்றால் வீடு நிற்கும்.

எங்கள் பிரிவுக்கு ஃபோன் செய்து அவர் கேட்டது எனக்கும் கேட்டது. "பேய் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சார். நானும் அதுவும் ஒண்ணாவே போய்ட்டு வர்றோம். லிஃப்டை மட்டும் நிறுத்தாதீங்க."

அன்றே மூத்த பொறியாளரிடம் போனேன்.

"சார், நாம போகும்போது மட்டும் ஏன் அது ஒழுங்கா ஓடுது?"

"தெரியலையேம்மா. அதான் எனக்கும் புரியல."

"நான் யூனிஃபார்ம் இல்லாம, வண்டியில்லாம, சும்மா விருந்தாளி மாதிரி போகட்டுமா?"

யோசித்தார். "போ. ஆனா எதையும் திறக்காத, கழட்டாத. பார்த்துட்டு மட்டும் வா."

காவலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டு ஏறினேன். நான்காம் மாடி. நின்றது! கதவு திறந்தது! வெளியே வராந்தா, செருப்பு அலமாரி, திறந்த ஜன்னல், ஒரு பூந்தொட்டி. ஆள் அரவமே இல்லை. பொறியியல் படித்த எனக்கே பேய் நினைவு வந்தது, அவையோரே! ஆனாலும் பயத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது. வெளியே இறங்கி, எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றேன்.

ஜன்னல் வழியே காற்று வந்தது. தொட்டிச் செடி அசைந்தது. வாளிப்பாக வளர்ந்த அதன் ஓர் இலை, லிஃப்ட் பொத்தானை மெல்லத் தடவியது. பொத்தானில் விளக்கு எரிந்தது!

விரல் பட்டாலே வேலை செய்யும் பொத்தான் அது, அழுத்தவே வேண்டாம். ஈர மண்ணில் வேர்விட்ட உயிருள்ள இலையையும் அது விரலென்று நம்பிவிட்டது! தொட்டியை நகர்த்தினேன், பொத்தான் அமைதி. திரும்ப வைத்தேன், விளக்கு. நகர்த்துகிறேன், வைக்கிறேன், சிரிக்கிறேன். அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

"யாரும்மா நீ? என் செடிகிட்ட என்ன சிரிப்பு?" என்றார் ஓர் அம்மா.

விவரம் சொன்னேன். "லிஃப்ட்காரங்க வந்தப்போ இந்தத் தொட்டி எங்கம்மா இருந்துச்சு?"

"ஏணியும் பையும் இங்கதான் கொண்டுவந்து சாத்துவாங்க. கிளை ஒடிஞ்சிடும்னு, வண்டி சத்தம் கேட்டாலே உள்ள தூக்கிடுவேன்." சொன்னவரின் முகம் வெளுத்தது. "ஐயோ, வெளிய சொல்லிடாதம்மா. தையல்காரர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

என்ன பதில் சொல்வது? மறைத்தால் லிஃப்ட் நிற்கும். சொன்னால் இந்த அம்மா தலைகுனிவார். இரண்டுக்கும் நடுவில் தவித்தபடியே திரும்பி, மூத்த பொறியாளரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னைவிடப் பெரிய "ஏன்" ஒன்றைக் கேட்டார்.

"இலைக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாத பொத்தானை நாம ஏன் செஞ்சோம்?"

நான் பொத்தானைத் தொட்டது யாரென்று கேட்டேன். அவர் பொத்தானையே கேட்டார்! ஆய்வுக்கூடத்தில் இருவரும் அமர்ந்தோம். ஈரத்துணியை வைத்தோம், எரிந்தது. நனைந்த குடையை உரசினோம், எரிந்தது. எத்தனை கட்டடங்களில் எத்தனை பேய்கள் இப்படிப் பிறந்தனவோ!

குடியிருப்போர் கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார்: "செடி மேல தப்பில்ல, செடி வளர்த்தவங்க மேலயும் தப்பில்ல. தப்பு எங்க பொத்தான்ல. மாத்திடறோம்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "இத்தனை நாளா என்னை வழிமறிச்சு நலம் விசாரிச்சது உங்க வீட்டுச் செடிதானா? சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு விசாரிச்சிருப்பேனே!" கூட்டமே குலுங்கிச் சிரித்தது. லிஃப்ட் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நாம் இன்று செய்யும் பொத்தான்கள் எல்லாமே இலையைக் கண்டு ஏமாறாத பொத்தான்கள்.

தம்பிகளே, தங்கைகளே! பெரிய நிறுவனம் என்றதும் மலைப்பு வரும். எல்லாம் முன்பே யாரோ யோசித்து முடித்துவிட்டார்கள் என்று தோன்றும். முடிக்கவில்லை! இயந்திரம் முரண்டு பிடித்தால் திட்டாதீர்கள். அது எதையோ சொல்கிறது. பேய் என்று பிறர் பின்வாங்கும் இடத்தில், "அப்படியா? எங்கே, பார்ப்போம்!" என்று ஓரடி முன்னே வையுங்கள். கேட்கிற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். அந்தப் பதிலையும் ஒரு கேள்வி கேளுங்கள். ஏனென்றால் நாளை நீங்கள் முறுக்கும் ஒவ்வொரு திருகின் மறுமுனையிலும், உங்களுக்குப் பெயர் தெரியாத ஒரு மனிதர் வீடு போய்ச் சேரக் காத்திருக்கிறார்.

என் கதையை இவ்வளவு பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. புதியவர்களே, உங்கள் வரவு நல்வரவாகட்டும். விடைபெறுகிறேன், வணக்கம்!