நாலு டப்பா வெண்ணெய்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தேனியில் புறப்பட்ட ஆண்டிபட்டிப் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் அறுபது வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்திலிருந்த பழைய அண்டை வீட்டுக்காரியிடம் சொன்னாள்:

“ஃப்ரிட்ஜ்ல நாலு டப்பா வெண்ணெய் கெடக்கு. எனக்கு வெண்ணெயே ஆகாது.”

“பெறகு எதுக்குக்கா எடுக்குறீக? கண்ணனா வந்து திங்கப்போறான்?”

“தெனம் ஒரு லிட்டர் பாலு. ஆடையச் சேத்துவச்சு, வாரம் ஒருக்கா மிக்ஸில ஐஸ்தண்ணி ஊத்தி அடிச்சா தெரண்டு வந்துருது.”

“ஒத்தை ஆளுக்கு ஒரு லிட்டரா? அண்ணனும் இல்ல, மகளும் கோயம்புத்தூர்ல. கொறைக்க வேண்டியதுதான?”

“கொறைச்சா கட்டுபடியாகாதுன்னு எங்க தெருவுக்கே வரமாட்டாராம் பால்காரரு.”

“அப்ப நிறுத்திட்டு, கடையில பாக்கெட்டு வாங்குங்க.”

“நிறுத்தச் சொல்லத்தான் போனேன். ‘யக்கா, பாலு’ன்னாரு. சட்டிய நீட்டிட்டேன்.”

“ஏன்?”

“அதுக்கப்புறம் பொழுதடையுற வரைக்கும் என்னைய யாரும் கூப்பிட மாட்டாகளே.”