நிரம்பிய டிஸ்க்

கதவை யாராவது சாத்துங்கள். நடுவில் எழுந்து போகக் கூடாது. பயந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம், என் கையை மட்டும் வேண்டாம்.

இரவு எட்டரை மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஊரைத் தாண்டி ஒரு நீளச் சாலை... விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. என் நண்பனுடைய மச்சான் அதில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். மேக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். ஆறடி ஆள். பேய் என்று சொன்னால் சிரிப்பார்... அன்றுவரை.

சாலையின் கடைசி வீடு. அந்த வீட்டம்மாவின் ஒரே மகள் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் பேசிப் பதிவு செய்த குரல்கள் மேக்கில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. எப்படியோ எல்லாம் அழிந்துபோயின. தன் கைதான் தவறிப் பட்டிருக்கும் என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாராம். நகல் எடுத்து வைக்கும் பேக்கப் டிஸ்க்கிலாவது இருக்கிறதா பாருங்கள் என்றுதான் இவரைக் கூப்பிட்டிருந்தார்.

டிஸ்க் நிரம்பிவிட்டால் மேக் என்ன செய்யும் தெரியுமா? புது பேக்கப்புக்கு இடம் வேண்டுமென்று, இருப்பதிலேயே பழையதை அழித்துவிடும். அதனால் டிஸ்க்கைச் செருகும் முன் தானாக நடக்கும் பேக்கப்பை நிறுத்திவிட வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் மச்சான் இதைச் சொல்லுவார். ஆனால் அன்று பசி... வீட்டுக்குப் போகும் அவசரம்... அப்படியே செருகிவிட்டார்.

கிர்ர்ர்... டிஸ்க் சுழன்றது. பழைய பேக்கப்புகள் நீக்கப்படுவதாகத் திரையில் ஓர் அறிவிப்பு.

பதறிப் போய் வயரைப் பிடுங்கினார்.

சத்தம் நிற்கவில்லை.

வயர் இவர் கையில். டிஸ்க் மேசைமேல் தனியாக, தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அது அடங்கிய பிறகு, பேக்கப்பை நிறுத்திவிட்டு மறுபடி செருகிப் பார்த்தார். அந்தக் குரல்கள் இருந்த பேக்கப் ஒன்றுகூட மிச்சமில்லை.

"கிடைச்சுதா தம்பி?"

பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வது? மச்சானுக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

அப்போது சோப்பு வாசனை... யாரோ குளித்துவிட்டு ஈரத்தலையோடு நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல. திரையில், காலியாகக் கிடந்த அந்த ஃபோல்டரில் புதிதாக ஒரு பதிவு. அது பதிவான நேரத்தைப் பார்த்தார். அதே நிமிடம். இவர் தடுப்பதற்குள் அந்த அம்மா கையை நீட்டி அதை ஓடவிட்டார்.

முதலில் மூச்சு. பிறகு மகளின் குரல், காதோடு சொல்வதுபோல.

"அம்மா... அன்னிக்கு நீ அழிக்கலை. இன்னிக்கு இவரும் அழிக்கலை. நான்தான். பழசெல்லாம் இருந்தா எனக்கு இடம் பத்தலைம்மா."

மச்சான் பையைக்கூட எடுக்காமல் ஓடி வந்துவிட்டார். அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. திரையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தம்பி, பெரிய டிஸ்க்கா ஒண்ணு வாங்கிட்டு வாங்க. வளர்ற பொண்ணு... இது பத்தவே மாட்டேங்குது."