ஆறாம் மாடிக்குச் சொன்னது

ஊர்காவற்றுறையில் நான் படிக்கும் மாலைச் சிங்கள வகுப்பில், தினமும் பத்து வரி நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் சிங்களத்தில் மூன்று வரிதான் எழுதுவேன். மிச்சத்தைத் தமிழில் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் போடுவேன். ஆகவே நான் சொல்லும் நேரங்களை நீங்கள் நம்பலாம். என் மனநிலை பற்றி எழுதியவை சரியா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. அவற்றை இரண்டு முறை வெட்டி எழுதியிருக்கிறேன்.

நான் வேலை செய்த விடுதி ஆறு மாடி. தீவில் அவ்வளவு உயரத்துக்கு யாரும் கட்டியதில்லை. நான் கீழே வரவேற்பு மேசையில் இருந்தேன். முதலாளி பரராசசிங்கம் ஆறாம் மாடியில் இருந்தார். எழுபத்தொரு வயது, முழங்கால் வருத்தம். அவரைப் பார்த்துக்கொண்டவள் புளியங்கூடல் நிலாந்தி. வகுப்பில் அவள் எனக்குப் பக்கத்துக் கதிரை.

வேலைக்குச் சேர்ந்த வாரம் அவர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"நாரந்தனை, ஐயா."

"பிறகேன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறீர்?"

"அஞ்சலா கடலைக் கண்டால் சத்தி எடுப்பாள் ஐயா," என்றாள் நிலாந்தி.

"தீவுப் பெட்டைக்குக் கடல் பயமோ? உம்மைக் கண்டியிலதான் கட்டிக் குடுக்கவேணும்." சிரித்தார். பிறகு, "என்ர வள்ளத்தில எத்தினை ஆயிரம் சனம் ஏறி இறங்கினது. ஒருக்காத்தான் பிழையாப் போனது. அதுவும் சொல்வழி கேளாத சனம். மேல வாங்கோ, மேல வாங்கோ எண்டு கத்தினனான். அதுகள் அசையேல்லை," என்றார்.

அந்தப் படகில் நானும் இருந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன், குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம். எனக்கு வாந்தி வந்ததால் என்னை மேல்தட்டில் இருத்திவிட்டார்கள். அம்மா சூசையம்மாவும் தம்பி டெனிஸ்ரனும் கீழ் அறையில் இருந்தார்கள். தண்ணீர் ஏறியபோது இவர் அந்த அறை வாசலில் நின்று சொன்னது எனக்குக் கேட்டது. "ஒருத்தரும் எழும்பக்கூடாது. எழும்பினால் வள்ளம் பிரளும். இருங்கோ." படகோட்டி சொன்னால் எங்கள் சனம் கேட்கும். அவர்கள் இருந்தார்கள். ஏழு பேர். ஒருவரும் வெளியே வரவில்லை. அவர் நீந்திக் கரையேறினார். விசாரணையில், தான் மேலே வரச் சொன்னதாகவும் அவர்கள் பயத்தில் கேட்கவில்லை என்றும் சொன்னார். எனக்கு அப்போது பதினான்கு வயது. என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் என் மேசை முன்னால் அப்படிப் பேசிய அன்று இரவு நாட்குறிப்பில், "முதலாளி இன்று அம்மாவைக் குற்றம் சொன்னார்" என்று மட்டும் எழுதினேன். அது சிங்களத்திலும் சரியாக வந்தது.

நெருப்பை நான் வைக்கவில்லை. பிற்பகல் 3.08க்கு இரண்டாம் மாடியில் துணி துவைக்கும் அறையில் மின்னொழுக்கால் பற்றியது. அறிவுறுத்தல்களில் குழப்பம் இருந்ததும் உண்மை. ஒவ்வொரு மாடியிலும் மாட்டியிருந்த பலகை, மொட்டை மாடிக்கு ஏறி ஒன்றுகூடச் சொன்னது. முகாமையாளர் டினேஷ் அண்ணை முதலில் ஒலிபெருக்கியில், அறைக்குள்ளேயே இருங்கள் என்றார். ஐந்து நிமிடம் கழித்து, பின்பக்க இரும்புப் படியால் இறங்குங்கள் என்றார். நான்காம் மாடிக்கு மேல் ஒலிபெருக்கி வேலை செய்வதில்லை. ஐந்தாம் மாடி ஆட்கள் பின்படியில் வந்த சத்தம் கேட்டு இறங்கிவிட்டார்கள். ஆறாம் மாடிக்கு இருந்தது என் மேசைத் தொலைபேசி மட்டுந்தான்.

3.17க்கு நிலாந்தி அழைப்பு எடுத்தாள். "அஞ்சலா, புகை மணக்குது. பலகையில மேல ஏறச் சொல்லிக் கிடக்கு. ஐயாவால ஏறேலாது. பின்படியால இறக்கட்டோ?"

பின்படியில் புகை இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். நான் யாரையும் கேட்கவில்லை. மேசையில் கையை வைத்துக்கொண்டு, இது சரியா என்று யோசித்தேன். இரண்டு நிமிடம் யோசித்திருக்கிறேன்.

3.19க்கு அவரே எடுத்தார். "பிள்ளை, இறங்கவோ, இருக்கவோ?"

"இருங்கோ ஐயா. எழும்பாதேங்கோ. ஆள் வரும்."

"நல்லாத் தெரியுமோ?"

"ஓம் ஐயா."

"சரி. பொறுப்பில நிக்கிற ஆள் சொன்னால் கேக்கத்தானே வேணும்." அவர் குரலில் நிம்மதி இருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

முற்றத்தில் டினேஷ் அண்ணை ஆட்களை எண்ணிக்கொண்டு நின்றார். "இண்டைக்கு ஐயாவும் நிலாந்தியும் கிளினிக்குக்குப் போற நாள்தானே. வேற ஆரும் மேல நிக்கினமோ? வடிவாய்ப் பார்த்துச் சொல்லும்," என்றார். என்னிடம் விருந்தினர் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பெயரையும் பார்த்து அடையாளமிட்டேன். பட்டியலில் இருந்த எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். "ஒருத்தரும் இல்லை அண்ணை," என்றேன். பட்டியலின்படி அது சரி. யாழ்ப்பாணத்திலிருந்து தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மூன்றாவது அழைப்பை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. நீங்கள் தொலைபேசிப் பதிவைக் காட்டியபடியால் சொல்கிறேன். முற்றத்துக்குப் போகமுன், 3.24க்கு வந்தது. நிலாந்தி இருமினாள்.

"ஐயா அசையிறார் இல்லை. நீ சொன்னதாம், நீ சொன்னதாம் எண்டுறார். நான் மட்டுமாவது இறங்கி ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டோடி?"

அவள் இறங்கினால் மேலே ஆள் இருப்பது தெரிந்துவிடும். டினேஷ் அண்ணை உடனே ஏறிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

"நீயும் இரு," என்றேன். "அவரைத் தனிய விடாதை."

"கெதியா வரச் சொல்லு," என்றாள்.

நான் செய்ததைச் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். பரராசசிங்கத்தைக் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன். அவருக்கு இது பொருந்தும் என்று இன்றும் நினைக்கிறேன். கையெழுத்து வைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

தட்டச்சு செய்த தாளில் ஒரு பிழை மட்டும் உண்டு. நிலாந்தியுடன் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. அவளுடைய சிங்களக் கொப்பி இன்னும் என்னிடந்தான் இருக்கிறது. நான் கொன்றது இரண்டு பேர் என்று அடித்திருக்கிறீர்கள். அதை ஒருவர் என்று திருத்தித் தாருங்கள்.