நடுவுல கெடக்குற மூணு செய்

வெதநெல்லுக் குலுக்கையத் தெறந்து பாக்குற சோலியெல்லாம் வேணாம் தம்பி. நெல்லு இருக்கு. கழுத்துமுட்ட இருக்கு. எங்க வீட்டுக்காரவுக வயலுக்குப் போயிருக்காக, வந்ததும் அவுககிட்டப் பேசிக்கங்க. அங்குட்டு நெழல்ல உக்காருங்க. மோர் இல்ல, தண்ணிதான் இருக்கு.

யாரு அனுப்பிச்சு வந்தீக? யூனியன் ஆபீசுன்னா சரி, வெவசாயம் பாக்க வந்த கிராம சேவக்குன்னா சரி. ஊருக்குள்ள நாப்பது வீடு இருக்கு. அதையெல்லாம் விட்டுப்புட்டு சைக்கிள உருட்டிக்கிட்டு நேரா எங்க வாசலுக்கு எப்படி வந்தீக? ஆசைத்தம்பி சொல்லியிருப்பான். இல்லைங்காதீக, நீங்க தலையக் குனிஞ்சதுலயே தெரியுது.

எங்க வயலுக்கு மேல வரப்புக்காரன் அவன். மருமகன் மொறை வேணும். ஆவணி மழ பேஞ்ச மறுநாளே ஏரப் பூட்டுனான். அவன் வெதச்சான், அவனப் பாத்துக் கீழ வரப்புச் சின்னக்கருப்பன் வெதச்சாரு, மூணாம் நாளு ஊரே வெதச்சு முடிச்சிருச்சு. நடுவுல எங்க வயலு மூணு செய்யி மட்டும் மொட்டையாக் கெடக்கு.

அதுல அவுகளுக்கு என்ன நட்டம்ங்கிறீகளா? இருக்கு தம்பி, இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாரும் வெதச்சுட்டா ஆட்டுக்கெடையக் கண்மாய்க்கு அங்குட்டு ஓட்டிருவாக. ஒரு வயலு பொட்டலாக் கெடந்தா, ஆடு மேய்க்கிறவன் அதுல எறக்கத்தான் செய்வான். எறங்குன ஆடு வரப்புக்குக் கட்டுப்படுமா? முந்தாநாளு ஆசைத்தம்பி பயிருல ஒரு மூலையவே மேஞ்சிருச்சு. அதோட, எல்லாரும் ஒண்ணா வெதச்சாத்தான் குருவி, புறா தின்கிறது ஆளுக்குக் கொஞ்சமாப் போகும். பிந்தி ஒருத்தன் வெதச்சா மொத்தமும் அவன் வயலுலதான் எறங்கும். அதையும் சொல்லிப் பாத்தாக. கோயில் வாசல்ல கூட்டம் போட்டே கேட்டாக. எங்க வீட்டுக்காரவுக துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, நெலம் இன்னும் பதத்துக்கு வரலப்பான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டாக.

இப்ப ஊருக்குள்ள இவுகளுக்குப் பொறுமசாலின்னு பேரு. நல்லதுக்கு வச்சதுன்னு நெனைக்காதீக. தண்ணிக்குப் போனா பொன்னுத்தாயி கேக்குறா, என்னக்கா, ஒங்க வீட்டுல தையில வெதச்சுச் சித்திரையில அறுக்கப் போறீகளாமேன்னு. நான் கொடத்த எடுத்துக்கிட்டு வந்துருவேன். பதில் சொன்னா அவ மூஞ்சியப் பாக்கணும். பாத்தா, இவளுக்கும் தெரிஞ்சிருக்குமோன்னு இருக்கும்.

என்ன தெரிஞ்சிருக்குமோவா? ஒண்ணுமில்ல, வாய்ல வந்துருச்சு. இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்தவா?

ஏந் தம்பி, கண்ணு குலுக்கை மேலயே போகுது. அது என்னது, மொளப்புத் தெறனா? நூறு நெல்ல ஈரத்துணியில சுத்தி வச்சு, எத்தன மொளைக்குதுன்னு எண்ணுவீகளா. இதுவும் ஆசைத்தம்பி சொல்லிக் குடுத்ததா? சரி, உங்க ஆபீசுல சொன்னதாவே இருக்கட்டும். மொளைக்காட்டி என்ன செய்வீக? ஊரக் கூட்டிச் சொல்லுவீகளா?

சர்க்காரு வெத தருவீகளா. எப்ப? நாளைக்கா. நாளைக்குச் சனி. நேத்துப் பேஞ்ச ஈரம் திங்கக்கெழம வரைக்குந்தான் தாங்கும். அதுக்கு மேல இந்த வருசம் மழய நம்பி ஒண்ணும் செய்ய முடியாது. அந்த மூணு செய்ய விட்டா எங்களுக்கு வேற பொழப்புமில்ல.

ஆசைத்தம்பிகிட்டச் சொல்ல மாட்டீகளே? சத்தியமெல்லாம் பண்ண வேணாம். கேட்ட ஒடனே சத்தியம் பண்ணுறவுகள நான் நம்புறதில்ல.

மொளைக்காது தம்பி. நூத்துல ஒண்ணு மொளைக்காது. அது பூராம் அவிச்ச நெல்லு.

வைகாசியில எங்க வீட்டுக்காரவுகளுக்கு விசக்காச்சல். நாப்பது நாளு பாயில கெடந்தாக. விட்டுட்டு நான் வேலைக்குப் போக முடியல. வீட்டுல நெல்லுன்னு இருந்தது அந்த வெத ஒரு மூட்டதான். அதைத்தான் அவிச்சுக் குத்திக் கஞ்சி வச்சேன். எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குற தெம்பு அவுகளுக்கு இல்ல. எந்திரிச்சு உக்காந்த பொறவு, புதுவயல் அரிசி ஆலைக்குக் களங்கூட்டப் போனேன். சிந்துன நெல்லக் கூட்டி அள்ளிக்கிறச் சொல்லுவாக. தெனம் ரெண்டு படி மடியில கட்டிக் கொண்டாந்து, அவுக தூங்கயில குலுக்கைக்குள்ள போட்டேன். ஆலைக் களத்துல காயுறது அவிச்ச நெல்லுன்னு எனக்குத் தெரியாதா? வெதப்புக்குள்ள எங்கயாச்சும் நல்ல வெத வாங்கி மாத்திரலாம்னு நெனச்சேன். திருப்பத்தூர்ல எங்கண்ணன் வீட்டுக்குப் போயிக் கேட்டேன். அவுகளுக்கே இல்ல.

மழ பேஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரவுக குலுக்கை மூடியத் தெறந்தாக. கைய விட்டு அள்ளி, ஒரு நெல்லப் பல்லுல வச்சுக் கடிச்சாக. பச்ச நெல்லுன்னா மாவாப் போகும். இது டக்குன்னு ஒடைஞ்சுச்சு, அடுப்படியில நின்ன எனக்கே கேட்டுச்சு. திரும்புவாக, இன்னைக்கு நம்மளக் கொன்னுருவாகன்னு நின்னேன். அவுக திரும்பல. அள்ளுனத உள்ளயே போட்டாக. மூடிய வச்சாக. மண்ணக் கொழச்சு விளிம்பச் சுத்திப் பூசுனாக. அந்நேரம் ஆசைத்தம்பி வாசல்ல வந்து நின்னு, என்ன மாமா, காலையில வெதைப்பமான்னான். கணுக்கால் பொதையிற ஈரம் தம்பி அன்னைக்கு. ஈரம் பத்தாது மாப்ளே, நீங்க வெதைங்கன்னு சொல்லிட்டாக.

பதினெட்டு நாளாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. ஊரு பூராம் ஏசுனதக் கேட்டுக்கிட்டு வந்து, நான் போட்ட கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்துக்கிறாக. அவுக ஒடம்புக்குத்தான் அந்த வெத போச்சுன்னு புரிஞ்சிருக்கா, இல்ல நான் வித்துத் தின்னுட்டேன்னு நெனைக்கிறாகளா, ஒண்ணும் தெரியல. அடிச்சிருந்தாக்கூட தேவலன்னு இருக்கு எனக்கு. வெக்கமா இருக்கு தம்பி.

அந்தா கண்மாய்க்கரையில வாராக. நான் எதும் சொன்னதாக் காட்டிக்கிறாதீக. நாளைக்கு வெதய எங்கிட்டக் குடுக்க வேணாம், அவுக கையிலயே குடுங்க. குலுக்கை நெறைய நெல்லு இருக்க வீட்டுக்கு வெத எதுக்குன்னு இந்த ஊருல எவனும் கேப்பான். அவுக கேக்க மாட்டாக.